ஐக்கிய அமெரிக்க மோட்டார் வாகனக் காப்புறுதியும் குறைகாப்புறுதிப் பிணக்குகளும் – ஒரு நோக்கு

மோட்டார் வாகன விபத்தொன்றினால் எழும் நட்டஈட்டுப் பிணக்கில் வழக்கமாக இரு தரப்புகளே எதிரெதிரே நிற்கின்றன. ஒருபுறம் காயமுற்றவர், மறுபுறம் விபத்துக்குக் காரணமான சாரதியும் அவருக்குப் பின்னால் நிற்கும் காப்புறுதிக் கம்பனியும். அக்கம்பனி காயமுற்றவருக்கு எவ்வித வாக்குறுதியும் வழங்கியதன்று. அவரிடமிருந்து ஒரு சதமேனும் பெற்றதுமன்று. ஆகவே அது தன் பணத்தைக் காக்க முனைவதில் வியப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் காயமுற்றவரின் சொந்தக் காப்புறுதிக் கம்பனியே, அவரிடம் ஆண்டுதோறும் கட்டணம் பெற்றுவந்த கம்பனியே, விபத்தின் பின்னர் அவரை மோதியவரின் இடத்தில் நின்று அவருக்கெதிராக வாதாடுமாயின் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஐக்கிய அமெரிக்காவில் ஒரு வகைக் காப்புறுதி ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இதுவே அன்றாட நடைமுறையாகும். அதன் அமைப்பையும், அது தோன்றிய வரலாற்றையும், அதனைச் சுற்றி எழும் பிணக்குகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஆங்கிலத்தில் 'அண்டர் இன்சூர்ட் மோட்டரிஸ்ட் கவரேஜ்' என வழங்கும் இவ்வொப்பந்தத்தை நாம் 'குறைகாப்புறுதிப் பாதுகாப்பு' எனக் குறிப்பிடுகின்றோம். பிழைசெய்த சாரதியிடம் காப்புறுதி உண்டு. ஆனால் அவர் விளைவித்த இழப்பை ஈடுசெய்ய அது போதாது. எஞ்சிய பகுதியைக் காயமுற்றவர் தாம் முன்கூட்டியே விலைகொடுத்து வாங்கியிருந்த இப்பாதுகாப்பின் பேரில் தமது சொந்தக் கம்பனியிடம் கோருகின்றார். மோதியவரிடம் காப்புறுதியே இல்லாதவிடத்து, அல்லது அவர் மோதிவிட்டு ஓடி மறைந்தவிடத்துப் பயன்படும் 'காப்புறுதியற்ற சாரதிப் பாதுகாப்பு' என்பது இதன் மூத்த உடன்பிறப்பு. இரண்டும் பெரும்பாலும் ஒரே பத்திரத்தில் சேர்த்தே விற்கப்படுகின்றன.

எமது நாட்டு வாசகர்க்கு இத்தகைய ஒரு பாதுகாப்பு ஏன் தேவைப்படுகின்றது என்ற ஐயம் எழுதல் இயல்பே. அதனைத் தெளிவதற்கு இரு நிலைமைகளை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, உச்ச எல்லை பற்றியது. பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்பினர்க்கு நேரும் உடற்காயத்துக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. உடற்காயத்தைப் பொறுத்தவரை அங்கு அக்காப்புறுதிக்கு உச்ச எல்லை கிடையாது. காப்புறுதியற்ற சாரதிகளால் காயமுற்றோர்க்கு நட்டஈடு வழங்குவதற்கென 1946 இல் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து மோட்டார்க் காப்புறுதியாளர் பணியகத்தையும் நிறுவின. ஐக்கிய அமெரிக்காவிலோ நாடு முழுவதற்கும் பொதுவான மோட்டார்க் காப்புறுதிச் சட்டமே இல்லை. ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாகச் சட்டம் இயற்றியுள்ளன. அவை கட்டாயப்படுத்தும் தொகைகளோ மிகச் சிறியவை. இரண்டாவது நிலைமை வைத்தியச் செலவு. விபத்தில் காயமுற்ற ஒருவர் அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்று வீடு திரும்புதல் எமக்குப் பழகிய ஒன்று. அங்கு அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. அறுபத்தைந்து வயதுக்குட்பட்டோரில் பெரும்பாலானோரின் மருத்துவக் காப்புறுதி அவர்களது தொழிலோடு பிணைக்கப்பட்டுள்ளது. சத்திர சிகிச்சையொன்றும் சில நாள் வைத்தியசாலை வாசமுமே மோதியவரின் காப்புறுதித் தொகை முழுவதையும் விழுங்கிவிடப் போதுமானவை.

மோதியவரின் காப்புறுதி போதாதெனின் எஞ்சியதை அவரது சொந்தச் சொத்திலிருந்து பெறலாகாதா எனக் கேட்கலாம். சட்டம் அதற்குத் தடையாக இல்லை. ஆனால் ஆகக் குறைந்த காப்புறுதியை வாங்குவோர் பெரும்பாலும் அதற்குமேல் வாங்க வசதியற்றவர்களே. அவர்கள்மீது பெறும் தீர்ப்பு கடதாசியில் இருக்கும், கைக்கு வராது.

இவ்வேற்பாடு தோன்றிய வரலாறு சுவையானது. கனெற்றிக்கட் மாநிலம் 1925 இல் இயற்றிய சட்டம், விபத்தொன்றுடன் தொடர்புற்ற சாரதியிடம் நட்டஈடு செலுத்தும் ஆற்றல் உண்டா என்பதைக் காட்டும்படி கேட்டது. அதாவது, முதல் விபத்தில் அடிபட்டவருக்கு அச்சட்டத்தால் அதிக பயன் விளையவில்லை. அதே ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலம் காப்புறுதியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றி 1927 முதல் நடைமுறைப்படுத்தியது. இதனைப் பிற மாநிலங்கள் பின்பற்றியிருத்தல் வேண்டும் என எண்ணத் தோன்றும். ஆனால் அடுத்த மாநிலமாகிய நியூ யோர்க் அவ்வாறு செய்தது 1956 இல்; வட கரோலினா 1957 இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வீதிகளில் வாகனங்கள் பெருகின. கட்டாயக் காப்புறுதியைக் காப்புறுதிக் கம்பனிகளே முன்னின்று எதிர்த்தன. தமது வாடிக்கையாளரைப் பெருக்கும் சட்டத்தை வணிகர் எதிர்ப்பது விந்தையாகப் படலாம். காரணம் வெளிப்படையானது: எல்லோரும் காப்புறுதி செய்தே ஆகவேண்டும் என அரசு விதிக்குமாயின், யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றையும் அரசே விதிக்கத் தலைப்படும் என அவை அஞ்சின.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் இவ்வழுத்தத்தைத் தணிப்பதற்குக் கம்பனிகள் கண்டுபிடித்த மருந்தே காப்புறுதியற்ற சாரதிப் பாதுகாப்பு. காப்புறுதி இல்லாதவரை வாங்கச் செய்வதற்குப் பதிலாக, அவரால் மோதப்படக்கூடியவருக்கு இன்னொரு பாதுகாப்பை விற்பது என்பதே அதன் சாரம். நியூ ஹம்ஷயர் 1957 இல் இப்பாதுகாப்பைச் சட்டத்தால் விதித்த முதல் மாநிலமாயிற்று. அம்மாநிலம் இன்றுவரை வாகனக் காப்புறுதியைப் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. காப்புறுதி செய்யாதிருக்கும் உரிமை சாரதிக்கு. அதன் விளைவைத் தாங்கும் செலவு எதிரே வருபவருக்கு. பிழைசெய்தவன் ஈடுசெய்தல் வேண்டும் என்ற சட்டக் கோட்பாடு ஏட்டில் மாறாதிருக்க, சுமை மெல்ல மெல்லப் பாதிக்கப்பட்டவரின் தோளுக்கு மாற்றப்பட்டமை இவ்வரலாற்றின் உட்பொருள் எனலாம்.

காப்புறுதியற்ற சாரதிப் பாதுகாப்பு பரவிய பின்னர் வேறொரு முரண்பாடு தலைதூக்கியது. அறவே காப்புறுதியில்லாத ஒருவரால் மோதப்பட்டவர் தமது கம்பனியிடம், தாம் வாங்கியிருந்த பாதுகாப்பின்படி, 50,000 டொலர் வரை பெறலாம். ஆனால் சட்டம் விதித்த 15,000 டொலர் காப்புறுதியை வைத்திருந்த ஒருவரால் மோதப்பட்டவருக்கு அந்த 15,000 டொலர் மட்டுமே. ஏனெனில், மோதியவர் 'காப்புறுதியற்றவர்' அல்லர். சட்டத்தை மதித்தவரால் அடிபடுவதிலும் சட்டத்தை மீறியவரால் அடிபடுவதே இலாபம் என்ற நிலை உருவாயிற்று. இவ்விடைவெளியை நிரப்புவதற்கே குறைகாப்புறுதிப் பாதுகாப்பு தோன்றிற்று.

குறைந்தபட்சத் தொகைகளைச் சற்று நோக்குவோம். அமெரிக்கப் பத்திரங்களில் இவை மூன்று எண்களாகக் குறிக்கப்படும். கலிபோர்ணியாவில் 1967 முதல் 2024 இன் இறுதிவரை அவை 15, 30, 5 என இருந்தன. அதாவது, காயமுற்ற ஒருவருக்கு 15,000 டொலர். ஒரு விபத்தில் எத்தனை பேர் காயமுற்றாலும் எல்லோருக்குமாக 30,000 டொலர். சொத்துச் சேதத்துக்கு 5,000 டொலர். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இத்தொகையில் ஒரு டொலர்கூட ஏறவில்லை. 2022 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2025 சனவரி முதலாந் திகதி தொடக்கம் இவை 30, 60, 15 என்றாயின. ரெக்சாஸில் 30, 60, 25. புளோரிடாவில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அங்கு சாதாரண வாகன உரிமையாளர் தமது சொந்தக் காயத்துக்கான 10,000 டொலர் காப்புறுதியையும் சொத்துச் சேதக் காப்புறுதியையும் வாங்குதல் வேண்டும். பிறருக்கு விளைவிக்கும் உடற்காயத்துக்கான காப்புறுதியோ பொதுவாகக் கட்டாயமன்று.

இனி, இப்பாதுகாப்பின் கீழ் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்குக்கு வருவோம். பிணக்குகளில் பெரும்பகுதி இக்கணக்கைச் சுற்றியே எழுகின்றது. ஒருவருக்கு நேர்ந்த மொத்த இழப்பு 200,000 டொலர் எனவும், மோதியவரின் காப்புறுதி 30,000 டொலர் எனவும், காயமுற்றவர் வாங்கியிருந்த குறைகாப்புறுதிப் பாதுகாப்பு 100,000 டொலர் எனவும் கொள்வோம். சில மாநிலங்களில் இத்தொகை மோதியவரின் தொகைக்கு மேலதிகமாகச் சேர்க்கப்படும். காயமுற்றவர் 130,000 டொலர் பெறுவார். வாஷிங்டன், மினசோட்டா ஆகியவை இவ்வகையின. வேறு சில மாநிலங்களில் மோதியவரிடமிருந்து பெற்ற தொகை பாதுகாப்புத் தொகையிலிருந்து கழிக்கப்படும். சொந்தக் கம்பனி 70,000 டொலர் மட்டுமே கொடுக்கும். மொத்தம் 100,000 டொலர். கலிபோர்ணியாவும் நியூ யோர்க்கும் இவ்வகையின. பத்திரத்தின் முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும் எண் இரண்டு வகையிலும் ஒன்றே. அந்த எண் உணர்த்தும் பொருள் மாநில எல்லையைக் கடந்ததும் மாறிவிடுகின்றது.

கழிவு முறையின் முழு விளைவையும் காண்பதற்குச் சிறிய தொகையொன்றை எடுத்துக்கொள்ளல் வேண்டும். 30,000 டொலருக்கு இப்பாதுகாப்பை வாங்கிய ஒருவரை, 30,000 டொலர் காப்புறுதியுடைய சாரதி மோதிவிட்டால், கழித்தபின் எஞ்சுவது சுழியம். மோதியவரின் எல்லைத் தொகை காயமுற்றவரின் பாதுகாப்புத் தொகையிலும் குறைவாக இருந்தாலன்றி அவர் 'குறைகாப்புறுதி' உடையவராகவே கருதப்படமாட்டார் எனக் கலிபோர்ணியச் சட்டம் கூறுகின்றது. அதே சாரதி ஒரே விபத்தில் பலரைக் காயப்படுத்தி, 60,000 டொலரை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள, எமது காயமுற்றவருக்கு 10,000 டொலர் மட்டுமே கிட்டினும் நிலை இதுவே. ஒப்பிடப்படுவது எல்லைத் தொகைகளேயன்றிக் கைக்கு வந்த தொகையன்று. காப்புறுதி அறவே இல்லாத சாரதிக்கெதிராக அப்பத்திரம் பயன்படும் என்பது உண்மையே. ஆனால் 'குறைகாப்புறுதி' என்ற பெயரில் விற்கப்பட்ட பகுதி, அம்மாநிலத்திற் சட்டப்படி காப்புறுதி செய்த எந்தச் சாரதிக்கெதிராகவும் ஒரு சதமும் கொடுக்கப்போவதில்லை. இக்குறையை உணர்ந்த சில மாநிலங்கள் சட்டத்தை மாற்றின. 2009 முதல் ஜோர்ஜியாவிலும், 2023 முதல் வேர்ஜீனியாவிலும், வாங்குபவர் வேறுவிதமாகத் தெரிந்தெடுத்தாலன்றி மேலதிக முறையே செல்லும்.

கணக்கு இவ்வாறாக, அதனை அடையும் வழியோ பொறிகள் நிறைந்தது. முதலில் மோதியவரின் கம்பனியிடம் அதன் எல்லைத் தொகை முழுவதையும் பெற்றுத் தீர்த்தல் வேண்டும் எனப் பல மாநிலங்களிற் சட்டமோ ஒப்பந்தமோ விதிக்கின்றது. அக்கம்பனி பணத்தைக் கொடுக்கும்போது, தனது சாரதிக்கெதிராக இனி எக்கோரிக்கையும் இல்லை என்ற விடுவிப்புப் பத்திரத்தில் ஒப்பமிடுமாறு கேட்கும். காயமுற்றவர் அதில் ஒப்பமிட்டதும் அவரது சொந்தக் கம்பனி எழுந்து நின்று, 'எமது சம்மதமின்றி நீர் இணங்கிவிட்டீர். நாம் கொடுக்கும் பணத்தை மோதியவரிடமிருந்து அறவிடும் எமது உரிமை உம்மால் அழிந்தது. ஆகவே நாம் கொடுக்கவேண்டியதில்லை' என்று கூற இடமுண்டு. ஒப்பமிடாவிட்டால் முதற் பணம் வராது. ஒப்பமிட்டால் இரண்டாவது பணம் போய்விடலாம். சட்டத்தரணியின் துணையின்றி இவ்வழியிற் சென்ற பலர் இவ்விடத்திலேயே இடறி வீழ்ந்துள்ளனர்.

இதற்கு மினசோட்டா மாநில உயர் நீதிமன்றம் 1983 இல் வகுத்த தீர்வு எளிமையானது. காயமுற்றவர், மோதியவருடன் செய்யவிருக்கும் இணக்கம் பற்றித் தமது கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து முப்பது நாள் காத்திருத்தல் வேண்டும். அறவிடும் உரிமை பெறுமதியுடையது எனக் கம்பனி மெய்யாகவே கருதுமாயின், மோதியவர் தரும் தொகையைத் தானே காயமுற்றவருக்குக் கொடுத்து அவ்வுரிமையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வாளாவிருந்தால் உரிமை போய்விடும். தன் பணத்தைப் பணயம் வைக்கவேண்டிய நிலை வந்ததும் கம்பனி அவ்வுரிமைக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பளிக்கின்றது என்பது தெரிந்துவிடும். நீதிமன்றமொன்று வணிகரை வணிகமுறையிலேயே சோதித்த இத்தீர்ப்பு எமக்கு மிகவும் உவப்பானது.

இப்பாதுகாப்பின் மையத்திலுள்ள முரண்பாட்டை இனி ஆராய்வோம். மோதிய சாரதியிடமிருந்து காயமுற்றவர் 'சட்டப்படி பெற உரித்துடைய' நட்டஈட்டையே கம்பனி கொடுக்க உடன்படுகின்றது. இச்சிறு தொடரே பிணக்கின் வேர். சட்டப்படி உரித்து என்ன என்பதை முடிவு செய்வதற்கு, மோதியவர் மீது வழக்கு நடந்தால் அவர் எவ்வெவ்வாறு எதிர்வாதம் செய்திருப்பாரோ அவ்வாறெல்லாம் எதிர்வாதம் செய்யும் உரிமையைக் கம்பனி பெற்றுவிடுகின்றது. விபத்தில் உமக்கும் பாதிப் பிழை உண்டு. உமது முதுகுவலி விபத்துக்கு முன்னரே இருந்தது. அச்சத்திர சிகிச்சை அவசியமற்றது என்றெல்லாம் தன் சொந்த வாடிக்கையாளருக்கே அது கூறலாம். இங்கே மோதியவரின் கம்பனிக்கும் கிட்டாத ஒரு வசதியும் அதற்கு உண்டு. ஒத்துழைக்கும் கடமையைக் காப்புறுதி ஒப்பந்தம் வாடிக்கையாளர்மீது சுமத்தியுள்ளமையால், வாக்குமூலத்தையும் பழைய வைத்தியப் பதிவுகளையும் அவரிடமிருந்தே அது கேட்டுப் பெறலாம். தான் தெரிந்த வைத்தியரிடம் சோதனைக்குச் செல்லுமாறும் பணிக்கலாம். நண்பனிடம் ஒப்படைத்தவை எதிராளியின் கைக்கு ஆயுதமாகின்றன.

ஜோர்ஜியா, வேர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் சட்டங்கள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. மோதியவர் மீது தொடரப்படும் வழக்கில், காயமுற்றவரின் கம்பனி அம்மோதியவரின் பெயரிலேயே தோன்றி எதிர்வாதம் செய்ய அவை இடமளிக்கின்றன. யூரிமாரின் கண்ணுக்குத் தெரிவது இரு தனி மனிதரின் வழக்கு. எதிராளியின் பெயரால் எழுந்து பேசும் சட்டத்தரணிக்குக் கூலி கொடுப்பதோ வழக்காளியிடம் கட்டணம் பெற்ற கம்பனி.

கம்பனி எப்போது பணம் கொடுக்கக் கடமைப்படுகின்றது என்ற வினாவில் நீதிமன்றங்கள் எதிர்த்திசைகளிற் சென்றுள்ளன. ரெக்சாஸ் மாநில உயர் நீதிமன்றம் 2006 இல் அளித்த தீர்ப்பின்படி, மோதியவரின் பிழையையும் இழப்பின் அளவையும் நீதிமன்றமொன்று தீர்ப்பால் நிலைநாட்டும் வரை கம்பனிக்கு ஒப்பந்தக் கடமையே எழுவதில்லை. மோதியவர் தம் பிழையை ஒப்புக்கொண்டாலும், அவரது கம்பனி முழுத் தொகையையும் கொடுத்துத் தீர்த்தாலும் அது போதாது. கடன் பிறக்கவில்லையெனின் தாமதமும் இல்லை. தாமதம் இல்லையெனின் வழக்குச் செலவும் இல்லை. தர்க்க நோக்கிற் குறைகாண முடியாத வாதமே இது. ஆயின், வழக்காடி வெல்லும் வரை கொடுபடாத ஒன்றைப் 'பாதுகாப்பு' என்ற பெயரில் விற்பது முறையா என்ற வினா தர்க்கத்துக்கு அப்பாற்பட்டது. அந்நீதிமன்றமே 2021 இல், காயமுற்றவர் உரிமையைப் பிரகடனப்படுத்தும் வழக்கொன்றைக் கம்பனிக்கெதிராகத் தொடரலாம் எனவும், அதில் சட்டத்தரணிச் செலவை வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு எனவும் கூறி அவ்விறுக்கத்தை ஓரளவு தளர்த்திற்று.

கொலராடோவின் பாதை வேறு. 2008 இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், நியாயமின்றிக் கொடுப்பனவைத் தாமதித்த அல்லது மறுத்த கம்பனி அக்கொடுப்பனவின் இருமடங்கையும் சட்டத்தரணிச் செலவையும் செலுத்தவேண்டும் என்கின்றது. 2018 இல் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், வைத்தியச் செலவு விபத்தினாலேயே விளைந்தது என்பதைக் கம்பனி மறுக்கவில்லை. ஆனால் இழந்த வருமானம் முதலிய பிற இழப்புகள் பற்றிப் பிணக்கு இருந்தமையால், யாவும் தீரும்வரை எதனையும் கொடுக்க முடியாது என்றது. பிணக்கில்லாத பகுதியைப் பிணக்குள்ள பகுதியோடு சேர்த்துத் தடுத்துவைத்தல் நியாயமன்று என நீதிமன்றம் தீர்த்தது. இரு மாநிலங்களிலும் விற்கப்படும் ஒப்பந்தம் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று அதனைத் தீங்கியல் வழக்கின் நிழலாகக் காண்கின்றது. மற்றது பணம் பெற்றவன் பணம் தந்தவனுக்கு அளித்த வாக்காகக் காண்கின்றது. இவற்றுள் பின்னையதே பொருத்தமானது என்பது எமது கருத்து. பொய்க் கோரிக்கைகளும் உண்டு, ஆராயாது கொடுத்தால் எல்லோருடைய கட்டணமும் ஏறும் என்ற கம்பனிகளின் வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆனால் அவ்வாதம் ஆராய்வதற்கு நியாயமாகுமேயன்றி, ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பின்னரும் கொடாதிருப்பதற்கு நியாயமாகாது.

கலிபோர்ணியாவில் இத்தகைய பிணக்குகள் இணக்கத்தால் தீராவிடின் யூரிமாரிடமன்றி நடுத்தீர்ப்பாளரிடமே செல்லவேண்டும் எனச் சட்டமே விதித்துள்ளது. இதனால் விரைவு கிட்டுகின்றது; பகிரங்கம் இழக்கப்படுகின்றது.

மொழியிலே ஈடுபாடுடைய எமது வாசகர்க்கு ஒஹாயோ மாநில வழக்கொன்று சுவை தரும். பால் உற்பத்திக் கம்பனியொன்று தன் பெயரில் எடுத்திருந்த வாகனக் காப்புறுதிப் பத்திரத்தில், காப்புறுதி பெறுபவர் 'நீங்கள்' எனக் குறிக்கப்பட்டிருந்தது. பெயரிடப்பட்டிருந்ததோ கம்பனி. அக்கம்பனியின் தொழிலாளி ஒருவர், கடமையில் இல்லாத வேளையில், தமது மனைவியின் காரைச் செலுத்திச் சென்று விபத்தில் இறந்தார். கம்பனிக்கு உடல் இல்லை. உடல் இல்லாததற்கு உடற்காயம் நேராது. ஆகவே 'நீங்கள்' என்ற சொல் கம்பனியை மட்டும் குறிக்குமாயின் அப்பாதுகாப்புக்குப் பொருளே இல்லை. எனவே அச்சொல் தொழிலாளரையும் உள்ளடக்கும் என அம்மாநில உயர் நீதிமன்றம் 1999 இல் தீர்த்தது. முன்னிலைப் பெயர் ஒன்றின் பொருளால் காப்புறுதி உலகம் அதிர்ந்தது. தொழில்தருநரின் பத்திரங்களை நோக்கி எண்ணற்ற கோரிக்கைகள் எழுந்தன. 2001 இல் அம்மாநிலச் சட்டசபை இப்பாதுகாப்பை வாடிக்கையாளர்க்கு முன்வைக்கவேண்டிய கடமையையே கம்பனிகளிடமிருந்து நீக்கியது. 2003 இல் அதே நீதிமன்றம், தொழிலாளி கடமையில் இருந்தபோது நேர்ந்த விபத்துக்கு மட்டுமே அச்சொல் பொருந்தும் எனத் தன் விளக்கத்தைச் சுருக்கிக்கொண்டது. பத்திரத்தை எழுதுபவர் தெளிவின்றி எழுதினால் அதன் பயன் வாசிப்பவருக்கே சேரவேண்டும் என்ற பழைய விதி, நான்கு ஆண்டுகள் தன் முழு வலிமையோடு ஆண்டது.

காயமுற்றவர் கம்பனியை வென்று பணத்தைப் பெற்றுவிட்டார் எனக் கொள்வோம். அப்பணம் அவருடையதா? 2013 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதற்கு விடை தருகின்றது. விமான நிறுவனமொன்றின் தொழிலாளி 2007 இல் விபத்தொன்றிற் கடுமையாகக் காயமுற்றார். தொழில்தருநரின் மருத்துவ நலத்திட்டம் அவரது சிகிச்சைக்கென 66,866 டொலர் செலுத்தியது. மோதியவரின் காப்புறுதி சிறியது. அவ்விபத்தில் வேறு சிலரும் இறந்தோ படுகாயமுற்றோ இருந்தனர். ஆகவே அவரது பங்காகக் கிடைத்தது 10,000 டொலர். தாம் வாங்கி வைத்திருந்த குறைகாப்புறுதிப் பாதுகாப்பிலிருந்து 100,000 டொலர் பெற்றார். மொத்தம் 110,000 டொலர். சட்டத்தரணிகளின் பங்கு நூற்றுக்கு நாற்பது. எஞ்சியது 66,000 டொலர். நலத்திட்டம் தான் செலுத்திய 66,866 டொலர் முழுவதையும் திருப்பித் தருமாறு கோரியது. காயமுற்றவர் கையிலிருந்ததைக் காட்டிலும் 866 டொலர் அதிகம்! நலத்திட்டத்தின் வாசகமே மேலோங்கும், நியாயவொப்புரவு பற்றிய பொதுக் கோட்பாடுகள் அதனை மீறமாட்டா என நீதியரசர் எலெனா கேகன் எழுதிய தீர்ப்புக் கூறிற்று. சட்டத்தரணிச் செலவைப் பற்றி அத்திட்டம் மௌனமாக இருந்தமையால், அச்செலவில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்ற அளவிலேயே தொழிலாளிக்கு ஆறுதல் கிடைத்தது. திட்டத்தை எழுதுவோர் அம்மௌனத்தை ஒரு வாக்கியத்தால் நீக்கிவிடலாம் என்பதும் அத்தீர்ப்பிலிருந்தே பெறப்படும். பிழைசெய்யாத ஒருவர் தமது சொந்த ஊதியத்திலிருந்து வாங்கிய பாதுகாப்பு, இறுதியில் அவரது தொழில்தருநரின் திட்டத்தைப் பாதுகாத்தது.

இனி, இப்பாதுகாப்பை யார் வாங்குகின்றனர், யார் வாங்காதிருக்கின்றனர் என்பது. பல மாநிலங்களில் கம்பனி இதனை முன்வைத்தல் வேண்டும். வேண்டாதவர் எழுத்தில் மறுத்தல் வேண்டும். அம்மறுப்பு, பத்திரம் வாங்கும் வேளையில் ஒப்பமிடப்படும் பல தாள்களுள் ஒன்றாக முடிந்துவிடுகின்றது. நியூ யோர்க் 2018 இல் நடைமுறைப்படுத்திய சட்டம் இதனைத் தலைகீழாக்கிற்று: பிறருக்காக ஒருவர் எவ்வளவு காப்புறுதி செய்கின்றாரோ அவ்வளவு பாதுகாப்பு அவருக்கும் தானாகவே சேரும், குறைக்க விரும்பினால் எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஆயினும் கட்டணம் கட்டணமே. கலிபோர்ணியா, மசச்சூசெற்ஸ், ஹவாய் போன்ற சில மாநிலங்கள் தவிர்ந்த ஏனையவற்றிற் பெரும்பாலும் வாடிக்கையாளரின் கடன் வரலாறும் கட்டணத்தை நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்றாகும். கடனை ஒழுங்காகச் செலுத்த முடியாதவர், வாகனத்தை எவ்வளவு ஒழுங்காகச் செலுத்தினாலும், கூடுதலாகக் கொடுக்க நேர்கின்றது. ஆகக் குறைந்த காப்புறுதியோடு வாகனம் செலுத்துபவரும், அவர் மோதுகையில் குறைகாப்புறுதிப் பாதுகாப்பின்றி நிற்பவரும் ஒரே வீதியில் வாழும் ஒரே வர்க்கத்தவராக இருத்தல் தற்செயலன்று.

குறைந்தபட்சத் தொகையை உயர்த்தினால் கட்டணமும் உயரும், வாங்க முடியாதோர் காப்புறுதியின்றியே வாகனம் செலுத்துவர் என்ற எதிர்வாதம் கலிபோர்ணியாவில் நெடுங்காலம் ஒலித்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1967 இன் 15,000 டொலர் 2024 இன் விலைவாசியில் ஏறக்குறைய 140,000 டொலருக்குச் சமம். 2025 இல் விதிக்கப்பட்டது 30,000. 2035 இல் விதிக்கப்படவிருப்பது 50,000. இதற்கிடையில் கழிவு முறையோ மாற்றப்படவில்லை. 2024 இல், 15,000 டொலர் காப்புறுதியுடைய சாரதியால் மோதப்பட்ட ஒருவர் தாம் வாங்கியிருந்த 30,000 டொலர்ப் பாதுகாப்பிலிருந்து 15,000 டொலர் பெற்றிருப்பார். இன்று அதே பத்திரத்தை வைத்திருப்பவரை ஆகக் குறைந்த காப்புறுதியுடைய சாரதி மோதினால், சாரதியின் கம்பனி 30,000 டொலர் கொடுக்கும். அவரது சொந்தக் கம்பனி எதுவும் கொடாது. இரண்டு ஆண்டுகளிலும் அவர் கைக்கு வருவது 30,000 டொலர்தான்.